மூட்டை கொட்டும்போது கிளம்பும் தூசியை எப்படி அளப்பது?

கேள்வி: உலர் கலவைத் தூள் தயாரிக்கும் ஆலையில் உற்பத்திப் பிரிவு மேற்பார்வையாளராக இருக்கிறேன். கனிமத் தூள் 25 கிலோ மூட்டைகளாக வரும். ஆட்கள் மூட்டையைக் கிழித்து ஹாப்பரில் கொட்டுவார்கள். ஒரு ஷிப்டுக்கு 60 மூட்டை வரை போகும். சில மாதங்களாக இரண்டு சப்ளையர்களிடம் வாங்குகிறோம். இருவர் கொடுத்த தாளிலும் 'சராசரித் துகள் அளவு 45 மைக்ரான்' என்றுதான் இருக்கிறது. ஆனால் இரண்டாவது சப்ளையரின் தூளைக் கொட்டும் நாளில் தொண்டை கரகரக்கிறது, மூக்கைச் சிந்தினால் வெள்ளையாக வருகிறது என்று ஆட்கள் சொல்கிறார்கள். காற்றின் தரம் பார்க்கும் சிறிய கையடக்கக் கருவி ஒன்றை வாங்கி வைத்துப் பார்த்தேன். பெரிய வித்தியாசம் காட்டவில்லை. 'கருவியே சரி என்கிறது, மாஸ்க் கொடுத்துவிடுங்கள்' என்கிறது நிர்வாகம். தூசியை முறையாக அளப்பது எப்படி? நாங்களே அளக்க முடியுமா? அளந்தால் முடிவை ஆட்களிடம் சொல்லலாமா?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆட்கள் சொல்வதை நம்புங்கள். கருவி ஒன்றும் காட்டவில்லை என்பதற்காக அவர்கள் சொன்னது பொய்யாகிவிடாது. அந்தக் கருவி ஏன் காட்டவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

நீங்கள் ஒரே கேள்வியாகக் கேட்டிருந்தாலும் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்தத் தூளைக் கையாண்டால் எவ்வளவு தூசி கிளம்பும் என்பது ஒன்று. அது தூளின் குணம். ஆய்வுக்கூடத்தில் வைத்து அளக்க வேண்டியது. இந்த ஆள் எட்டு மணி நேரத்தில் எவ்வளவு தூசியை மூச்சில் இழுக்கிறார் என்பது இன்னொன்று. அது வேலையின் குணம். அந்த ஆளின் சட்டைக் காலரில் வைத்து அளக்க வேண்டியது. எந்தச் சப்ளையரிடம் வாங்கலாம் என்று முடிவெடுக்க முதல் அளவு வேண்டும். ஆட்கள் பத்திரமாக இருக்கிறார்களா என்று தெரிய இரண்டாவது வேண்டும். ஒன்றை அளந்துவிட்டு மற்றதற்குப் பதில் கிடைத்ததாக நினைப்பதுதான் இந்தத் துறையில் நான் அதிகம் பார்த்த தவறு. நல்ல தூளைத் தலைக்கு மேலிருந்து கொட்டினால் மூச்சில் நிறையப் போகும். மோசமான தூளையும் மூடிய குழாய் வழியே இறக்கினால் ஒன்றும் போகாது.

சரி, அந்த 45 மைக்ரானைப் பார்ப்போம். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சராசரி என்பது எடைக் கணக்கில் நடுவில் விழும் அளவு. பாதி எடை அதற்கு மேல், பாதி எடை அதற்குக் கீழ். அந்தக் கீழ்ப் பாதி எப்படிப் பரவியிருக்கிறது என்பதைப் பற்றி அந்த எண் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. ஒரு தூளில் எல்லாத் துகள்களும் 30-க்கும் 60-க்கும் இடையில் இருக்கலாம். இன்னொன்றில் நூற்றில் மூன்று பங்கு 5 மைக்ரானுக்குக் கீழே இருக்கலாம். இரண்டுக்கும் சராசரி 45-தான். காற்றில் தங்குவது அந்த மூன்று பங்குதான்.

எவ்வளவு நேரம் தங்கும் என்று ஒரு கணக்குச் சொல்கிறேன். தண்ணீரின் அடர்த்தி உள்ள உருண்டைத் துகளாக வைத்துக்கொள்ளுங்கள். 100 மைக்ரான் துகள் அசையாத காற்றில் நொடிக்கு 25 சென்டிமீட்டர் இறங்கும். மூக்கு உயரத்தில், அதாவது ஒன்றரை மீட்டர் உயரத்தில் விட்டால் ஆறு நொடியில் தரையைத் தொட்டுவிடும். 10 மைக்ரான் துகளுக்கு எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். 4 மைக்ரான் துகளுக்கு முக்கால் மணி நேரத்துக்கும் மேல். 1 மைக்ரான் என்றால் அரை நாள். இதெல்லாம் அசையாத காற்றில். ஆலைக்குள் மின்விசிறி சுற்றுகிறது, ஆட்கள் நடக்கிறார்கள், வண்டி போகிறது. நுண்துகள் கீழே இறங்குவதே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கனிமத் தூள் தண்ணீரைவிட அடர்த்தி கூடியது, கொஞ்சம் வேகமாக இறங்கும். ஆனாலும் கதை அதேதான்.

இதனால்தான் தூசியை மொத்தமாக ஒரே எண்ணாக அளப்பதில்லை. உடம்பில் எதுவரை போகிறது என்பதை வைத்து மூன்று பங்காகப் பிரிக்கிறார்கள். மூக்கிலும் வாயிலும் நுழையக்கூடியது எல்லாம் முதல் பங்கு. இதில் 100 மைக்ரான் வரை வரும். குரல்வளையைத் தாண்டி மார்புக்குள் போவது இரண்டாவது. ஏறத்தாழ 10 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ளவை. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போவது மூன்றாவது; 4 மைக்ரான் துகள்களில் பாதி இந்தக் கணக்கில் வரும், அதைவிடச் சிறியவற்றில் பெரும்பகுதி வரும். இனி இந்த மூன்றாவதை 'ஆழத் தூசி' என்றே சொல்கிறேன்.

இந்த இடத்தில் உங்கள் ஆட்களின் புகாரை மறுபடி பாருங்கள். தொண்டை கரகரப்பு, மூக்கில் வெள்ளை. இவை பெரும்பாலும் பெரிய துகள்களின் வேலை. பெரிய துகள் உள்ளே வரும்போதே தெரியும்; தும்மல் வரும், இருமல் வரும், உடம்பு அதை வெளியே தள்ளப் பார்க்கும். ஆழத் தூசிக்கு அப்படி எந்த அடையாளமும் இல்லை. கண்ணுக்குத் தெரியாது, தொண்டையில் உறுத்தாது, பல வருடம் கழித்து மாடிப்படி ஏறும்போதுதான் தெரியும். எனவே முதல் சப்ளையரின் தூளைப் பற்றி யாரும் புகார் சொல்லவில்லை என்பதால் அது நல்ல தூள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டையும் அளக்க வேண்டும்.

இப்போது தூளின் குணத்தை அளப்பது. இதற்கு ஐரோப்பாவில் இஎன் 15051 என்று ஒரு தர விதிமுறை இருக்கிறது. 2006-இல் முதலில் வந்து, பிறகு மூன்று பாகமாக விரிந்தது. இரண்டு முறைகளை அது சொல்கிறது.

ஒன்று சுழலும் டிரம். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளை, உள்பக்கம் நீளவாக்கில் எட்டுத் தகடுகள். 35 கன சென்டிமீட்டர் தூளை, அதாவது இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதலாக, உள்ளே போடுவார்கள். நிமிடத்துக்கு நான்கு சுற்று வேகத்தில் ஒரு நிமிடம் சுற்றும். ஒவ்வொரு தகடும் தூளை அள்ளி மேலே கொண்டுபோய்க் கொட்டும். நான்கு சுற்று, எட்டுத் தகடு: ஒரே நிமிடத்தில் 32 தடவை அள்ளிக் கொட்டுகிறது. அப்போது நிமிடத்துக்கு 38 லிட்டர் காற்று டிரம் வழியே இழுக்கப்பட்டு, கிளம்பிய தூசியை வரிசையாக இரண்டு நுரைப் பஞ்சுகளுக்கும் கடைசியில் ஒரு ஃபில்டருக்கும் கொண்டுபோகும். முதல் பஞ்சின் துளை பெரியது, அடுத்ததன் துளை சிறியது. இரண்டையும் தாண்டி ஃபில்டரில் போய் உட்காருவதுதான் ஆழத் தூசி. இரண்டாவது பஞ்சையும் ஃபில்டரையும் சேர்த்தால் மார்புத் தூசி. மூன்றையும் சேர்த்தால் மூக்கில் நுழையும் மொத்தம்.

கணக்கு எளிது. 35 கன சென்டிமீட்டர் தூளின் எடை 21 கிராம் என்று வையுங்கள். ஃபில்டரின் எடை 3.1 மில்லிகிராம் கூடியிருக்கிறது. 3.1-ஐ 21-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் கிலோவுக்கு 148 மில்லிகிராம். இந்த முறையின் வகைப்பாட்டில் ஆழத் தூசி கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் மிகக் குறைவு, 50 வரை குறைவு, 250 வரை மிதம், அதற்கு மேல் அதிகம். நம் தூள் மிதத்தில் வருகிறது. 'மிதம்' என்ற சொல்லைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். உங்கள் ஒரு ஷிப்டுக்கு 60 மூட்டை, அதாவது 1,500 கிலோ. டிரம்மில் கிளம்பிய அதே விகிதத்தில் கிளம்பினால் 220 கிராமுக்கு மேல் ஆழத் தூசி. உங்கள் ஹாப்பரில் அவ்வளவு கிளம்பாது, டிரம் அளவுக்கு நீங்கள் தூளைப் புரட்டி எடுப்பதில்லை. ஆனால் காற்றில் ஒரு கன மீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று கணக்குப் பார்க்கும் இடத்தில், கிராம் கணக்கில் கிளம்பக்கூடிய பொருள் கையில் இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது முறை தொடர்ந்து விழவிடுவது. நிற்கவைத்த குழாயில் நிமிடத்துக்கு 6 முதல் 10 கிராம் வீதம் தூள் பத்து நிமிடம் விழுந்துகொண்டே இருக்கும். கீழிருந்து மேலே மெதுவாகக் காற்று போகும். காற்றோடு மேலே வருவதைப் பிடித்து எடை பார்ப்பார்கள். தூள் ஒரே ஒரு தடவைதான் விழுகிறது, டிரம்போல் திரும்பத் திரும்ப அடிபடுவதில்லை. மூட்டையைக் கொட்டும் வேலைக்கு இது நெருக்கமானது. கிளறி, கலந்து, அள்ளும் வேலைக்கு டிரம் நெருக்கமானது.

இரண்டு முறைகளின் எண்களையும் ஒப்பிடவே கூடாது. வகைப்பாட்டு எல்லைகளே வேறு. ஆழத் தூசி கிலோவுக்கு 60 மில்லிகிராம் என்று வந்தால், டிரம் முறையில் அது 'மிதம்', விழவிடும் முறையில் 'குறைவு'. ஒரு சப்ளையர் டிரம் எண்ணையும் மற்றவர் விழவிடும் எண்ணையும் கொடுத்தால் உங்களால் எதுவும் முடிவு செய்ய முடியாது. நிறமித் தொழிலிலும் என்சைம் தொழிலிலும் ஹாய்பாக் என்ற இன்னொரு கருவி புழக்கத்தில் இருக்கிறது. அதன் எண் இந்த இரண்டோடும் சேராது. நானோ துகள்களுக்கு 2019-இல் இஎன் 17199 என்று தனி விதிமுறை வந்தது. உங்கள் தூளுக்கு அது தேவைப்படாது.

ஆகவே இரு சப்ளையர்களுக்கும் ஒரே மாதிரியான கடிதம் எழுதுங்கள். தூசி கிளம்பும் தன்மையை எந்த முறையில் அளந்தார்கள், மூன்று பங்கும் தனித்தனியாக எவ்வளவு, அளந்தபோது தூளின் ஈரப்பதம் என்ன, எத்தனை தடவை திரும்பச் செய்தார்கள் என்று கேளுங்கள். கூடவே பளிங்கு வடிவ சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் படிகக் கனிமம், நூற்றுக்கு எவ்வளவு என்றும் கேளுங்கள். பதில் வரவில்லையா, இரண்டு தூளிலும் மாதிரி எடுத்து ஒரே ஆய்வுக்கூடத்துக்கு ஒரே நாளில் அனுப்புங்கள். மாதிரி எடுப்பதில் கவனம் வேண்டும். மூட்டையின் மேலாக ஒரு கை அள்ளினால் போதாது. வண்டியில் குலுங்கி வந்த மூட்டையில் நுண்ணியதும் பெரியதும் பிரிந்து கிடக்கும். பல மூட்டைகளில், மேலும் நடுவும் கீழும் எடுத்துக் கலந்து, காற்றுப் புகாத டப்பாவில் அனுப்புங்கள். ஈரம் ஏறினால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும், தூசி குறைந்துபோனதாகக் காட்டும். அதனால்தான் ஆய்வுக்கூடத்தில் காற்றின் ஈரப்பதத்தை 50 சதவீதத்தை ஒட்டிப் பிடித்து வைத்து அளக்கிறார்கள். உங்கள் கிடங்கு வறண்ட இடம் என்றால், சோதனை எண்ணைவிட அங்கே கூடுதலாகப் பறக்கும்.

ஒன்று பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். மிக நுண்ணிய தூள்தான் மிக அதிகமாகப் பறக்கும் என்று கட்டாயமில்லை. மிகச் சிறிய துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கட்டியாக விழும். அதே நுண்துகள்கள் பெரிய மணிகளோடு கலந்திருந்தால், மணிகள் மோதி மோதி அவற்றை உதிர்த்துவிடும். துகள் அளவுத் தாளைப் பார்த்துத் தூசியை ஊகிக்க முடியாது. தூசியை அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி உங்கள் கையடக்கக் கருவி. அது தூசியை எடை போடுவதில்லை. ஒளிக்கற்றைக்குக் குறுக்கே போகும் துகள் சிதறடிக்கும் ஒளியை எண்ணி, அதிலிருந்து எடையை ஊகிக்கிறது. புகை, வாகனத் தூசி போன்றவற்றுக்காகச் சீரமைக்கப்பட்டது. கனிமத் தூளின் அடர்த்தி வேறு, நிறம் வேறு, வடிவம் வேறு. 2.5 மைக்ரானுக்கு மேற்பட்டதை அது பெரும்பாலும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. உங்கள் ஆட்களின் தொண்டையைக் கெடுப்பதோ அதற்கு மேற்பட்டது. கருவியை எங்கே வைத்தீர்கள் என்றும் எழுதவில்லை. மேசைமேல் என்றால், ஹாப்பரின் வாயில் குனிந்து நிற்பவரின் மூக்குக்கும் அந்த மேசைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஆனால் தூக்கி எறிய வேண்டாம். 'எவ்வளவு' என்று கேட்டால் அது தப்பாகச் சொல்லும்; 'எப்போது' என்று கேட்டால் ஓரளவு சரியாகச் சொல்லும். ஹாப்பர் பக்கத்தில் மூக்கு உயரத்தில் வையுங்கள். கருவியின் கடிகாரத்தையும் கைபேசியின் கடிகாரத்தையும் ஒத்து வைத்துவிட்டு, வேலை செய்பவரின் சம்மதத்தோடு ஒரு மணி நேரம் வீடியோ எடுங்கள். பிறகு எண் எகிறிய நேரங்களை வீடியோவில் போய்ப் பாருங்கள். இதையே நல்ல கருவிகளோடு முறைப்படி செய்வதும் உண்டு. கொட்டும்போதுதான் எகிறும் என்று எல்லோரும் நினைப்பார்கள். பல இடங்களில் வேறெங்கோ எகிறும்.

எங்கே என்று எனக்கு ஒரு அனுபவம் சொல்லிக் கொடுத்தது. வேலைக்கு வந்த தொடக்க வருடங்களில், இதே மாதிரி மூட்டை கொட்டும் இடத்தில் ஒருவருக்குப் பம்ப் மாட்டி அளந்தேன். கடைசி மூட்டை கொட்டியதும் வேலை முடிந்தது என்று பம்பைக் கழற்றிவிட்டேன். எண் நன்றாகவே வந்தது. சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது திரும்பிப் பார்த்தேன். அவர் காலி மூட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து நெஞ்சோடு அணைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அணைப்புக்கும் மூட்டையின் வாயிலிருந்து ஒரு வெள்ளைப் புகை நேராக அவர் முகத்தில் அடித்தது. நாள் முழுக்க நடந்ததிலேயே மோசமான இருபது நிமிடம் அது. என் ஃபில்டரில் அது இல்லை. மறுவாரம் போய் முழு ஷிப்டும் அளந்தேன். முதல் எண்ணைவிட வெகுவாகக் கூடியிருந்தது. முதல் அறிக்கையை நான் அனுப்பியிருந்தால் 'எல்லாம் சரி' என்று ஒரு காகிதம் அந்த ஆலையில் பல வருடம் கோப்பில் கிடந்திருக்கும். இப்போது எந்த ஆலைக்குப் போனாலும் முதலில் கேட்பது காலி மூட்டை எங்கே போகிறது என்றுதான். அடுத்தது, தரையைத் துடைப்பத்தால் கூட்டுகிறார்களா என்று.

ஆள் மூச்சில் போவதை அளக்கும் முறை இதுதான். இடுப்பில் பெல்ட்டோடு ஒரு சிறிய பம்ப், அதிலிருந்து ரப்பர் குழாய், குழாயின் முனையில் ஃபில்டர் உள்ள தலை. அந்தத் தலை காலருக்குப் பக்கத்தில், மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் 30 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மூக்கில் நுழையும் மொத்தத் தூசிக்கு ஐஓஎம் என்ற தலை அதிகம் புழங்குகிறது. நிமிடத்துக்கு 2 லிட்டர் இழுக்கும். ஃபில்டரை மட்டும் எடுத்து எடை போடக்கூடாது, அதைத் தாங்கும் சிறு கூட்டின் உள்சுவரில் ஒட்டியதும் ஆள் மூச்சில் இழுக்கக்கூடிய தூசிதான். கூட்டோடு சேர்த்தே எடை போட வேண்டும். ஆழத் தூசிக்குச் சைக்ளோன் தலை. காற்று உள்ளே சுழன்று பெரிய துகள்களைக் கீழே ஒரு குப்பியில் தள்ளிவிட்டு, நுண்ணியதை மட்டும் மேலே ஃபில்டருக்கு அனுப்பும். இதில் ஒரு விஷயம் கட்டாயம்: கழற்றும்போது தலைகீழாகக் கவிழ்த்துவிட்டால் குப்பியில் இருப்பதெல்லாம் ஃபில்டரில் கொட்டிவிடும். ஒரு நாள் உழைப்பும் போச்சு. பம்பைக் கழற்றும் ஆளுக்கு இதை முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

காற்றோட்டத்தைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த மாதிரி செல்லாது. சைக்ளோனுக்கு இது இன்னும் முக்கியம்; காற்றோட்டம் மாறினால் பிரிக்கும் துகள் அளவே மாறிவிடும். எங்கும் மாட்டாத வெற்று ஃபில்டர்கள் சிலவற்றையும் கூடவே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஈரத்தால் ஃபில்டரின் எடை தானாகவே கூடும், குறையும். வெற்று ஃபில்டரில் ஏற்பட்ட மாற்றத்தைக் கழித்தால்தான் தூசியின் எடை தெரியும்.

ஒரு முடிவை முழுதாகப் பார்த்துவிடுவோம். சைக்ளோன் நிமிடத்துக்கு 2.2 லிட்டர் வீதம் 480 நிமிடம் ஓடியது. இழுத்த காற்று 1,056 லிட்டர், அதாவது 1.056 கன மீட்டர். ஃபில்டர் 0.42 மில்லிகிராம் கூடியது. வெற்று ஃபில்டர் 0.02 கூடியது. தூசி 0.40. வகுத்தால் ஒரு கன மீட்டருக்கு 0.38 மில்லிகிராம். பிரிட்டனில் எந்தத் தூசியானாலும் ஆழத் தூசி எட்டு மணி நேரச் சராசரியில் 4 மில்லிகிராமை எட்டினால் தீங்கான பொருளாகக் கருதி நடவடிக்கை எடுக்க வேண்டும். அதோடு ஒப்பிட்டால் நம் எண் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பலர் இங்கேயே கோப்பை மூடிவிடுகிறார்கள்.

அந்தத் தூசியில் நூற்றுக்கு 20 பளிங்கு சிலிக்கா இருந்தால்? 0.38-இல் 0.076 மில்லிகிராம் சிலிக்கா. அமெரிக்காவில் 2016-இல் வந்த விதிப்படி அதன் உச்ச வரம்பு 0.05. ஒன்றரை மடங்கு தாண்டிவிட்டது. ஃபில்டர் ஒன்றுதான், எடையும் ஒன்றுதான், முடிவு நேர்மாறு. மூச்சில் போகும் பளிங்கு சிலிக்கா புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான பொருள்களின் பட்டியலில் 1997-லேயே சேர்க்கப்பட்டுவிட்டது. அதனால்தான் சப்ளையரிடம் சிலிக்கா எவ்வளவு என்று கேட்கச் சொன்னேன். சிலிக்கா இருப்பதாகத் தெரிந்தால் எடையோடு நிறுத்தாமல் ஃபில்டரை எக்ஸ்-ரே அல்லது அகச்சிவப்புப் பகுப்பாய்வுக்கும் அனுப்புங்கள். தூளில் உள்ள சதவீதத்தை வைத்து மட்டும் கணக்குப் போட வேண்டாம். காற்றில் மிதக்கும் நுண்பகுதியில் சிலிக்காவின் பங்கு மூட்டையில் உள்ளதைவிட வேறாக இருக்கலாம். உங்களுக்குப் பொருந்தும் வரம்பு எது என்பதை உங்கள் நாட்டுச் சட்டத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்; நாட்டுக்கு நாடு மாறும்.

ஒரே ஒரு நாள் அளந்து நிறுத்திவிடவும் கூடாது. அன்றைக்குக் காற்று எப்படி வீசியது, எந்த மூட்டை, யார் கொட்டினார் என்பதெல்லாம் எண்ணை மாற்றும். ஐரோப்பிய விதிமுறையான இஎன் 689, மூன்று தடவை அளந்து மூன்றும் வரம்பில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால்தான் அத்தோடு நிறுத்தலாம் என்கிறது. நான்கு தடவை என்றால் நூற்றுக்கு 15, ஐந்து தடவை என்றால் நூற்றுக்கு 20. அதற்கும் கீழே வரவில்லையென்றால் இன்னும் அளந்து புள்ளியியல் கணக்குப் போட வேண்டும். ஏதாவது ஒன்று வரம்பைத் தாண்டினாலே வரம்பு மீறப்பட்டது என்றுதான் முடிவு. உங்களிடம் இரண்டு சப்ளையர் தூள் இருப்பதால் இரண்டையும் தனித்தனியாக அளங்கள்.

நீங்களே அளக்கலாமா என்று கேட்டீர்கள். பம்ப் மாட்டுவதைப் பயிற்சி எடுத்துக்கொண்டால் செய்யலாம். மைக்ரோகிராம் கணக்கில் எடை போடுவதை ஆய்வுக்கூடத்திடம் விட்டுவிடுங்கள். முதல் தடவை தொழிற்சுகாதார நிபுணர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்; எதை அளப்பது என்று தீர்மானிப்பதில்தான் அவர் வேண்டும்.

செலவில்லாமல் இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சன்னல் வழியே வெயில் கற்றையாக விழும்போது அதில் தூசி மிதப்பது தெரியும், பக்கத்தில் ஒன்றும் தெரியாது இல்லையா? அதே தத்துவம்தான். குறுகலான, வலுவான ஒளிக்கற்றை தரும் விளக்கை ஹாப்பருக்கு அந்தப் பக்கம் வைத்து, இந்தப் பக்கமிருந்து விளக்கை நோக்கிப் பாருங்கள். கண்ணில் நேராக வெளிச்சம் படாமல் விளக்கை மட்டும் ஓர் அட்டையால் மறைத்துக்கொள்ளுங்கள். மற்ற விளக்குகளை முடிந்தவரை அணைத்துவிடுங்கள். சாதாரண வெளிச்சத்தில் சுத்தமாகத் தெரிந்த காற்றில் தூசி புகை மாதிரி சுருண்டு எழுவதும், அது எந்த வழியாக மூக்குக்குப் போகிறது என்பதும் கண்முன் தெரியும். முதல் சப்ளையரின் மூட்டை ஒன்று, இரண்டாவதின் மூட்டை ஒன்று, ஒரே உயரத்தில் ஒரே ஆள் கொட்டட்டும். இரண்டையும் வீடியோ எடுங்கள். இதில் எண் கிடைக்காது, ஆனால் எங்கே என்பது கிடைக்கும். ஒரு எச்சரிக்கை. உங்கள் கலவையில் மாவு, மரத்தூள், பிளாஸ்டிக் தூள், உலோகத் தூள் மாதிரி எரியக்கூடியது எதுவும் சேர்ந்தால் சாதாரண விளக்கை அருகே கொண்டுபோகாதீர்கள். தூசி மேகம் தீப்பிடித்து வெடிப்பது தனி ஆபத்து, அதற்குத் தனிச் சோதனை. நான் மேலே சொன்ன எந்த எண்ணும் அதைப் பற்றிப் பேசாது.

மாஸ்க் விஷயம். இன்றைக்கே கொடுங்கள், துகள் தடுக்கும் தரச் சான்று உள்ளதாக, முகத்துக்கு ஒட்டிப் பொருந்துவதாக. ஓரத்தில் இடைவெளி இருந்தாலோ தாடி இருந்தாலோ காற்று அந்த வழியாகவே போகும். ஆனால் மாஸ்க் கொடுத்தாயிற்று என்று அளப்பதை நிறுத்த நிர்வாகத்தை விடாதீர்கள். எவ்வளவு தூசி என்று தெரியாமல் எந்த மாஸ்க் போதும் என்று யாரும் சொல்ல முடியாது. அதற்குள் செய்யக்கூடியவை: மூட்டையை ஹாப்பரின் வாயோடு வைத்துக் கிழியுங்கள், உயரத்திலிருந்து கொட்ட வேண்டாம். விழும் தூள் தன்னோடு காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அந்தக் காற்றும், ஹாப்பருக்குள் முன்பே இருந்த காற்றும் தூசியோடு திரும்பி வெளியே வரும். ஹாப்பரின் வாயோரத்தில் உறிஞ்சும் குழாய் வைத்தால் அதைப் பிடித்துவிடலாம். காலி மூட்டையை மடிக்கவே வேண்டாம். ஹாப்பர் பக்கத்திலேயே உறிஞ்சும் வசதி உள்ள தொட்டியில் அப்படியே போடட்டும். துடைப்பத்தை எடுத்துவிட்டு நுண்ணிய ஃபில்டர் உள்ள வேக்குவம் வாங்குங்கள். சட்டையை ஏர் பைப் வைத்து ஊதித் தட்டும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

கடைசியாக, முடிவை ஆட்களிடம் சொல்லலாமா என்று கேட்டீர்கள். சொல்லத்தான் வேண்டும், அதுவும் பம்ப் மாட்டிக்கொண்டவரிடம் முதலில். எட்டு மணி நேரம் இடுப்பில் பாரத்தோடும் பம்பின் இரைச்சலோடும் வேலை செய்தவர் அவர். ஃபில்டரைக் காட்டிப் புரியவைக்கலாம் என்று நினைக்காதீர்கள். 0.4 மில்லிகிராம் வெள்ளைத் தூள் வெள்ளை ஃபில்டரில் கண்ணுக்கே தெரியாது; 'ஒன்றுமே இல்லையே' என்று அவர் நினைத்துவிடுவார். விளக்கு வைத்து எடுத்த வீடியோவைக் காட்டுங்கள். பிறகு எண்ணைச் சொல்லுங்கள், வரம்பு எவ்வளவு என்று சொல்லுங்கள், எந்த வேலையில் அதிகம் வந்தது என்று சொல்லுங்கள். அந்த வேலையை எப்படி மாற்றலாம் என்று அவரிடமே கேளுங்கள். காலி மூட்டைக்குத் தொட்டியை எந்தப் பக்கம் வைத்தால் கைக்கு எட்டும் என்பது அவருக்குத்தான் தெரியும்.